கீசரை மாற்றும் முன் வாளியை அளந்து பாருங்கள்

கேள்வி: கோவை வடவள்ளியில் சொந்த வீடு. கீழேயும் மாடியிலும் ஒவ்வொரு பாத்ரூம், இரண்டிலும் 25 லிட்டர் கீசர். வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. நான், கணவர், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள், ஒன்பதாவது படிக்கும் மகன் என்று ஐந்து பேர். பெரியவர்கள் கீழே வாளியில் குளிப்போம், பிள்ளைகள் மாடியில் ஷவர். போன குளிர்கால பில்லில் 640 யூனிட் ஓடியிருந்தது. மாமியாருக்கு மூட்டுவலி, எந்நேரமும் சுடுதண்ணி தேவைப்படும் என்று கீழ் கீசரை நாங்கள் அணைப்பதே இல்லை. இப்போது அது அடியில் சொட்டுகிறது. கடைக்காரர் 300 லிட்டர் சோலார் போடச் சொல்கிறார். கணவருக்கு ஹீட் பம்ப் மீது ஆசை. இன்ஸ்டன்ட் கீசரே போதும் என்கிறாள் மகள். சோலாருக்கு அரசாங்கம் 78,000 ரூபாய் தருகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். குளிக்கப் போர்த் தண்ணிதான், நல்ல உப்பு. எதை வாங்கலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

எதை வாங்குவது என்பது அப்புறம். முதலில் சொட்டுகிற கீசரைப் பார்ப்போம். சொட்டு எங்கிருந்து வருகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் பித்தளையில் ஒரு சின்ன வால்வு இருக்கும். தண்ணீர் சூடாகி விரியும்போது உள்ளே அழுத்தம் கூடினால் அந்த வால்வு நாலு சொட்டு விடும். அது தன் வேலையைச் செய்கிறது, பயம் இல்லை. ஆனால் வெளிக்கூட்டின் அடிவிளிம்பிலிருந்து, அதுவும் துருநிறத்தில் கசிந்தால் உள்தொட்டி ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம். அதைப் பற்றவைத்து ஒப்பேற்ற முடியாது. அந்தக் கீசரின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அதற்குப் போகும் தண்ணீர் லைனையும் மூடிவிடுங்கள். அப்படியே வீட்டின் ஸ்விட்சுகள் சேரும் டிபி பெட்டியில், கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கும், அதன் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அமுக்குங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் எலெக்ட்ரீஷியனை இன்றைக்கே கூப்பிடுங்கள். ஈரத் தரை, வெறுங்கால், வயதானவர் என்று மூன்றும் சேர்கிற இடம் அது.

சரி, இனி கணக்குக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் லிட்டர் கணக்கு எங்குமே இல்லை. கடைக்காரரும் அதைக் கேட்டிருக்க மாட்டார், ஐந்து பேர் என்றதும் 300 என்று எழுதியிருப்பார். கோவையில் மில்களிலும் வீடுகளிலும் இருபத்தைந்து வருடமாக எரிசக்தி தணிக்கை செய்து வருகிறேன். சுடுதண்ணீர் விஷயத்தில் மட்டும், பொருளை முதலில் வாங்கிவிட்டுத் தேவையை அப்புறம் யோசிப்பவர்களைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

வாளியில் குளிப்பவர் மூன்று பேர், ஆளுக்கு 20 லிட்டர் என்றால் 60. ஷவரில் குளிக்கும் இரண்டு பேருக்கு, கொஞ்சம் தாராளமாகவே, ஆளுக்கு 40 வைத்தால் 80. மொத்தம் 140 லிட்டர். உடம்புக்கு இதமாக இருக்க 40 டிகிரி போதும். மார்கழிக் காலையில் உங்கள் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் 22 டிகிரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி ஆகும். 140 லிட்டரை 18 டிகிரி ஏற்றினால் 2,520. ஒரு யூனிட் கரண்ட் 860 கிலோ கலோரிக்குச் சமம். ஆக, உங்கள் வீட்டில் ஐந்து பேரும் குளித்து முடிக்க ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 யூனிட். இரண்டு மாத பில்லில் இது 180 யூனிட்.

கீசருக்கு ஆகும் மொத்தச் செலவு இதற்கும் மேல். பழைய 25 லிட்டர் கீசர் சும்மா சூடாக நிற்பதற்கே ஒரு நாளைக்கு ஒரு யூனிட் வரை தின்னும். உள்ளே இருக்கும் சூடு வெளிக்கூட்டின் வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும், தெர்மோஸ்டாட் அதை மறுபடி மறுபடி ஈடுகட்டும். கீழ் கீசர் இரவும் பகலும் ஓடுகிறது. மாடியில் இருப்பதைப் பிள்ளைகள் நினைவாக அணைக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் ஓடினால் இரண்டும் சேர்ந்து இரண்டு மாதத்தில் 100 யூனிட்டுக்கு மேல் போயிருக்கும். ஒருவரும் குளிக்காமல் போன கரண்ட் அது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், மீட்டரைக் கேளுங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். எத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 1,600 என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு, நல்ல நிலையில் இருக்கும் மாடிக் கீசரை மட்டும் போடுங்கள். 2,000 வாட்ஸ் கீசர் என்றால் நிமிடத்துக்கு 53 முறை மினுக்கும். தண்ணீர் சூடாகிக் கீசர் தானாக நின்றதும் விளக்கும் நின்றுவிடும். அதன்பின் யாரும் தண்ணீர் திறக்காதபோதே, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அது மறுபடி மினுக்கத் தொடங்குகிறது, எத்தனை நிமிடம் மினுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனை இந்த வேலைக்கு உட்கார வையுங்கள். ஒன்பதாம் வகுப்பு இயற்பியலுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

ரூபாய்க் கணக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஊர் பில்லில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். மொத்தம் 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் கைநழுவிப் போவதைப் பலர் கவனிப்பதில்லை. 600-க்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டும் ஒன்பது ரூபாய்க்கு மேல். உங்கள் 640 யூனிட்டில் சுடுதண்ணீரின் பங்கு 280 வரை இருக்கும். பில்லின் விலை உயர்ந்த நுனியே அதுதான். அங்கே கை வைத்தால் மிச்சம் நன்றாகத் தெரியும்.

இப்போது வீட்டில் ஆளுக்கு ஒன்றாகச் சொன்னதைப் பார்ப்போம். மகள் சொல்லும் இன்ஸ்டன்ட் கீசரில் 3,000 வாட்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கரண்ட் அதிகம் இழுக்கும் என்று பயப்படுவார்கள். அந்தப் பயம் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீருக்குத் தேவையான சூடு எந்த கீசரானாலும் ஒன்றுதான். இது சூட்டைத் தேக்கி வைத்து வீணாக்குவதும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. 3,000 வாட்ஸால் ஒரு நிமிடத்தில் 2.4 லிட்டரைத்தான் 18 டிகிரி ஏற்ற முடியும். வாளி நிறைய எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், ஷவர் நூல் மாதிரி விழும். காலேஜ் பஸ் ஏழரைக்கு என்றால் வீட்டில் சண்டைதான் வரும். சமையலறை சிங்க்குக்கு அது சரி, உங்கள் மாடி ஷவருக்கு ஒத்துவராது.

கணவர் சொல்லும் ஹீட் பம்ப் நல்ல இயந்திரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃப்ரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது அல்லவா, அதுபோல் இது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். கோவையின் மிதமான காற்று அதற்கு வசதி. ஊட்டிக் குளிரில் அந்த விகிதம் இறங்கும். ஹாஸ்டல், மருத்துவமனை, பத்துப் பதினைந்து பேர் இருக்கும் கூட்டுக் குடும்பம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்வேன். மொட்டை மாடியில் உரிமை இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கும் அதுதான் வழி. உங்கள் வீட்டிலோ நாளைக்கு 3 யூனிட் தேவையில் அது 2 யூனிட் மிச்சப்படுத்தும். விலை சோலார் ஹீட்டரைப் போல் சில மடங்கு. கம்ப்ரெசரும் விசிறியும் ஓடும் சத்தம் இருக்கும், காற்றோட்டமான இடம் வேண்டும், தண்ணீர் தீர்ந்தால் மறுபடி சூடாக நேரம் எடுக்கும். சொந்த மொட்டை மாடியும் அதில் தடையில்லாத வெயிலும் இருக்கும்போது அவ்வளவு பணத்தை அதில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டில் சொன்ன 78,000 ரூபாய் உண்மைதான், ஆனால் அது வேறு சோலார். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் கரண்ட் தயாரிக்கும் பேனல் போட்டால் கிடைக்கும் மானியம் அது. தண்ணீர் சுடவைக்கும் சோலாருக்குப் பொருந்தாது. சோலார் ஹீட்டருக்கு மத்திய அரசு கொடுத்துவந்த மானியம் 2014-லேயே நின்றுவிட்டது. இன்றும் சில விற்பனையாளர்கள் “மானியம் போக இந்த விலை” என்று பேசுகிறார்கள். அப்படி யாராவது சொன்னால், மானிய உத்தரவை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கேஸ் கீசரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சொட்டும் கீசருக்கு அவசர மாற்றாக யாராவது அதைச் சொல்லக்கூடும். மூடிய பாத்ரூமுக்குள் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, மூச்சு முட்டுவதும் தெரியாது. குளிக்கப் போனவர் கதவைத் திறக்காமலே போய்விடுவார். பாத்ரூமுக்குள் அது வேண்டவே வேண்டாம்.

ஆக, உங்களுக்கு சோலார் ஹீட்டர்தான். 300 லிட்டர் மட்டும் வேண்டாம். சோலார் தொட்டியில் தண்ணீர் 60 டிகிரியில் இருக்கும், அதை நீங்கள் விளாவித்தான் குளிப்பீர்கள். கணக்குப் போட்டால், 140 லிட்டர் குளியல் தண்ணீருக்கு 60 டிகிரித் தண்ணீர் 70 லிட்டர் இருந்தாலே போதும். விருந்தாளி, மேகமூட்டம் எல்லாம் சேர்த்து 150 லிட்டர் தாராளம். பெரிதாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். காசு அதிகம் என்பது ஒன்று. உங்கள் உப்புத் தண்ணீர் இன்னொன்று. செலவாகாத தண்ணீர் நாள் முழுக்கக் காய்ந்து சித்திரை வெயிலில் 80 டிகிரிக்குப் போகும். தண்ணீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வேகமாக அதிலிருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படியும்.

அந்தப் படிவு எப்படி இருக்கும் என்று தெரியுமா? சரவணம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில், போர்த் தண்ணீரில் ஆறு வருடம் ஓடிய கீசரைப் பிளம்பர் என் முன்னால் கழற்றினார். காயிலை வெளியே இழுக்க வரவில்லை. தட்டித் தட்டி இழுத்தபோது பழுப்பு வெள்ளையில் தேங்காய் ஓடு கனத்துக்கு மேலோடு உடைந்து விழுந்தது. உள்ளே கைவிட்டு அள்ளினார், ஒரு தட்டு நிறைய வந்தது. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் மெக்னீசியம் ராடு ஒன்று உள்ளே இருக்கும், விரல் தடிமனில். அது குடைக்கம்பி மாதிரி ஆகியிருந்தது. அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் தொட்டி பிழைத்திருக்கும். உங்கள் கீழ் கீசருக்கும் இதேதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் சோலாரிலும் செம்புக்குழாய் பொருத்திய தட்டை வகை உங்களுக்கு ஆகாது. மெல்லிய குழாய்களில் உப்பு அடைத்துக்கொள்ளும். சிறுவாணித் தண்ணீர் மட்டுமே ஓடும் வீடாக இருந்தால் அதையே சொல்லியிருப்பேன், உழைப்பு அதிகம். நீங்கள் கண்ணாடிக் குழாய் வகையை வாங்குங்கள். குழாய் அகலம், அடைப்பு சீக்கிரம் வராது, ஒன்று உடைந்தாலும் அதை மட்டும் மாற்றலாம். வருடத்துக்கு ஒருமுறை தொட்டியின் வடிகால் பிளக்கைத் திறந்து அடியில் தங்கிய வண்டலை வெளியேற்றச் சொல்லுங்கள்.

இதற்குமேல் நான் சொல்வது உங்கள் மொட்டை மாடியைப் பற்றி. சோலார் ஹீட்டர் சரியில்லை என்று புலம்புகிற வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கும், பொருத்தியது தப்பாக இருக்கும். சாதாரண சோலாரில் மோட்டார் கிடையாது. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் தன் உயரத்தால் இறங்கி வந்து, சோலார் தொட்டியிலிருக்கும் சுடுதண்ணீரைத் தள்ள வேண்டும். எனவே மேல்நிலைத் தொட்டியின் அடிமட்டம் சோலார் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் தொட்டி தளத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா, மேடை மேல் இருக்கிறதா? தளத்தில் இருந்தால், மேடை கட்டும் செலவையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், சோலார் தொட்டியிலிருந்து மேலே ஒரு காற்றுக் குழாய் போகும். அதன் வாய் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிறையும் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். ஒரு சாண் குறைத்து விட்டுப்போனார்கள் என்றால், மோட்டார் போட்டுத் தொட்டி நிறையும் போதெல்லாம் அதன் வழியாகச் சுடுதண்ணீர் மாடியில் கொட்டும். பார்த்திருக்கிறேன். பாத்ரூமில் பிரெஷர் பம்ப் வைத்திருந்தால் அதையும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், அழுத்தம் தாங்கும் மாடலாக வாங்க வேண்டிவரும்.

குழாய்த் தட்டு தெற்கே பார்த்து இருக்கட்டும். காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை தண்ணீர்த் தொட்டி, தென்னை, பக்கத்துக் கட்டடம் எதன் நிழலும் அதன்மேல் விழக்கூடாது. இந்தச் சோதனையை மார்கழியில் செய்யுங்கள், சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளும் காலம் அது.

மாடியிலிருந்து இறங்கும் குழாய் வெளிர்மஞ்சள் நிற சிபிவிசி ஆக இருக்க வேண்டும். சாதாரண வெள்ளைப் பிவிசி சூட்டில் இளகி வளையும். முக்கால் அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உங்கள் கீழ் பாத்ரூம் வரை இருபது மீட்டர் வந்தால், சுடுதண்ணீர் வருவதற்கு முன் கால் வாளி ஆறிய தண்ணீர் வரும். அதை வீணாக்காமல் வாளியிலேயே பிடித்து விளாவ வைத்துக்கொள்ளுங்கள். குழாய் நெடுகிலும் கறுப்பு ஃபோம் உறை போடச் சொல்லுங்கள். சுவருக்குள் புதைக்கும் பகுதிக்கும் சேர்த்துத்தான். கடைசி நேரத்தில் பிளம்பர்கள் விட்டுவிடும் வேலை இது, பக்கத்தில் நின்று பாருங்கள்.

மழைக்காலத்துக்கு என்ன செய்வது? சோலார் தொட்டிக்குள்ளேயே கரண்ட் காயில் பொருத்தித் தருகிறேன் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு வாளி தேவைப்பட்டாலும் 150 லிட்டரையும் அது சுடவைக்கும், மாடியில் இருப்பதால் அணைக்க மறந்தாலும் தெரியாது. ஓட்டையான கீசரைக் கழித்துவிட்டு, கீழே ஐந்து ஸ்டார் உள்ள 10 அல்லது 15 லிட்டர் கீசர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். சோலார் லைன், கீசர் லைன் இரண்டையும் மாற்றிவிட ஒரு வால்வு போதும். ஆடி மாதச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் அது கைகொடுக்கும். மாடிக் கீசரையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். குளிக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டு, குளிக்க இறங்கும்போது அணைக்க வேண்டும், அவ்வளவுதான். கரண்ட் மிச்சம் என்று தெர்மோஸ்டாட்டை 40-க்குக் குறைத்துவிடாதீர்கள். வெதுவெதுப்பாகவே நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரலைத் தாக்கும் கிருமி வளரும், ஷவர் சாரலில் மூச்சோடு உள்ளே போகும். 60 டிகிரியில் அது சாகும். அடைமழையில் நாலைந்து நாள் வெதுவெதுப்பாகவே நின்ற சோலார் தண்ணீரையும் ஷவருக்குத் திறக்காதீர்கள், வெயில் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகு பயன்படுத்துங்கள்.

சோலார் போட்ட பிறகு ஒன்றை மறக்கவே கூடாது. மேல்நிலைத் தொட்டி காலியாகி, சோலார் குழாய்கள் வெயிலில் வெறுமனே காய்ந்துகொண்டிருக்கும்போது மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றாதீர்கள். கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். அன்று மட்டும் சோலாருக்குப் போகும் வால்வை மூடிவைத்து, மறுநாள் விடிகாலையில் திறந்து நிரப்புங்கள். முதல்முறை நிரப்புவதும் விடிகாலையில்தான்.

கடைசியாக உங்கள் மாமியார். ஒத்தடத்துக்கு இரண்டு லிட்டர் தண்ணீரை கெட்டிலில் 80 டிகிரிக்குச் சுடவைத்தால் ஆகும் செலவு 0.13 யூனிட். அதற்காக 25 லிட்டரை இரவும் பகலும் சூடாக வைத்திருக்கத் தேவையில்லை. ஒரு கெட்டிலை அவர் அறையிலேயே, குனியாமல் எடுக்கும் உயரத்தில் வைத்துக்கொடுங்கள். சோலார் வந்தபின் அவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. பகலெல்லாம் வாங்கிய வெயிலில், மாலை நாலு, ஐந்து மணிக்குத்தான் தொட்டித் தண்ணீர் உச்சச் சூட்டில் இருக்கும். காலை ஐந்து மணிக்கே குளித்தாக வேண்டும் என்று இல்லாவிட்டால், அவர் குளியலை அந்த நேரத்துக்கு மாற்றலாம், இல்லை அரை வாளியில் கால் வைத்து உட்காரச் சொல்லலாம். 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும், வயதானவர்களின் தோல் இன்னும் மெல்லியது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, அதன்மேல் சுடுதண்ணீரை விடுங்கள், பிறகு உங்கள் முழங்கையை நனைத்துப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.